பழைய ரோட்டாவேட்டர் வாங்குகிறீர்களா? முதலில் அந்தப் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

ஆடி பிறந்தால் போதும், காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கம் யாராவது ஒருவர் பழைய ரோட்டாவேட்டர் (பிளேடுகள் சுழன்று மண்ணைப் பொடியாக்குகிற கலப்பை) ஒன்றை டிராக்டரில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, வாங்கிட்டேன், எப்படி இருக்குன்னு பாருங்க" என்று வந்து நிற்பார். வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ண மாட்டார்கள். புரட்டாசியில் புழுதி விதைப்பு, அதற்குள் உழவு முடிய வேண்டும், ஊரில் நாலு பேர் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள், அந்த அவசரம்.

பழையது வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆறடி அகல மெஷின் புதிதாக எடுத்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. கண்மாய்த் தண்ணீரை நம்பி வருஷத்துக்கு ஒரு போகம் பார்க்கிறவருக்குப் பாதி விலையில் கிடைக்கிற பழையதுதான் கட்டுப்படியாகும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இங்கே எழுதுவதில் பாதி நானே செய்த கூத்துதான். கிரீஸ் அடியுங்கள், நட்டை முறுக்குங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். டிராக்டர் ஓட்டுகிற எவருக்கும் அது தெரியும்.

பெயின்ட்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டியார் வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் தேய்மானத்தைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்கள், பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுவார்கள். ரோட்டாவேட்டருக்கும் அந்தக் கண்ணோடு போங்கள். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் இருக்கும்.

கெட்டிப் போல்ட்

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது ஒன்றுதான்.

டிராக்டரின் பின்பக்கம் எஞ்சின் சக்தியை வெளியே எடுக்கிற முனைதான் பி.டி.ஓ. அங்கிருந்து ரோட்டாவேட்டரின் கியர்பாக்ஸுக்குப் போகிற பி.டி.ஓ. ஷாப்டின் ஒரு முனையில், யோக் என்கிற கவட்டை இணைப்பில், குறுக்காக ஒரு போல்ட் இருக்கும். ஷியர் போல்ட். அதன் வேலையே உடைவதுதான். பிளேடு கல்லிலோ கட்டையிலோ மாட்டி ரோட்டர் (பிளேடுகள் மாட்டியிருக்கிற தண்டு) நின்றுவிட்டால், அந்தப் போல்ட் முறிந்து ஷாப்ட் மட்டும் சும்மா சுற்றும், மெஷின் தப்பிக்கும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு தடவை உடைந்ததும், "என்னடா இது சனியன்" என்று ஹார்டுவேர் கடைக்குப் போய் இருப்பதிலேயே கெட்டியான போல்ட்டாகக் கேட்டு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கடைக்காரரும் தலையில் அறுகோணக் குழி இருக்கிற ஆலன் போல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

போல்ட் தலையில் ஒரு எண் இருக்கும், 8.8, 10.9, 12.9 என்று. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசைத் தாங்கும் திறன், மெகாபாஸ்கல் கணக்கில். 8.8 என்றால் 800, 12.9 என்றால் 1200. கடையில் கிடைக்கிற ஆலன் போல்ட் பெரும்பாலும் 12.9தான். அதாவது 8.8 இருந்த இடத்தில் அதைப் போட்டால், உடைவதற்கு ஒன்றரை மடங்கு விசை வேண்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், 10 மில்லி ஓட்டையை 12 மில்லிக்குத் துளைத்துப் பெரிய போல்ட்டாகப் போடுவார்கள். இரண்டு மில்லிதானே என்று தோன்றும், ஆனால் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அந்தப் போல்ட் இனி ஜென்மத்துக்கும் உடையாது, வேறொன்று உடையும்.

எது உடையும் என்பதற்கு ஒரு கணக்கு. 45 எச்.பி. டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கு வருவது ஏறக்குறைய 38 எச்.பி. நிமிஷத்துக்கு 540 சுற்றில் அது கொடுக்கிற முறுக்கு, ஒரு மீட்டர் கடப்பாரையின் நுனியில் ஐம்பது கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற அளவு. கியர்பாக்ஸில் வேகம் குறைந்து ரோட்டருக்கு வரும்போது இது இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. இதெல்லாம் சாதாரண ஓட்டத்தில். பிளேடு மாட்டி ரோட்டர் சட்டென்று நிற்கும்போது எஞ்சின் நிற்பதில்லை, அதோடு சுற்றுகிற கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் ஓட்டமும் சேர்ந்து திருகுகிறது. போல்ட் விட்டுக் கொடுக்கவில்லை என்றால் ஷாப்ட் மூட்டில் இருக்கிற கிராஸ் போகும், அதுவும் தாங்கினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல் போகும், அதுவும் தாங்கிவிட்டால் டிராக்டரின் பி.டி.ஓ. ஷாப்டுக்குப் போய் நிற்கும்.

இதை மற்ற ஊரில் செய்தாலாவது பரவாயில்லை. நம் பக்கத்து மண் எப்படிப்பட்டது? மேலே செம்மண், கொஞ்சம் இறங்கினால் சரளையும் செம்பாறாங்கல்லும். அதோடு சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன சமயத்தில் ஜே.சி.பி. வைத்துத் தள்ளிய புஞ்சைகள் எத்தனை, அதில் தூரோடு பிடுங்கியது எத்தனை? மேலே வெட்டிவிட்டுப் போன தூர் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது, வருஷாவருஷம் துளிர்க்கவும் துளிர்க்கிறது. ரோட்டாவேட்டர் பிளேடுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

கல்லல் பக்கத்துத் தம்பி ஒருவர், சிங்கப்பூரில் சம்பாதித்துக்கொண்டு வந்து டிராக்டர் எடுத்தவர், தஞ்சாவூர் பக்கமிருந்து பழைய மெஷின் ஒன்று வாங்கி வந்தார். கண்மாய்க் கரையை ஒட்டிய வயலில் போல்ட் உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. டிரைவர் ஆலன் போல்ட் போட்டுவிட்டார். போனில் என்னிடம், "இப்ப பிரச்சனையே இல்லண்ணே, உடையவே மாட்டேங்குது" என்றார் சந்தோஷமாக. "தம்பி, அது உடையணும்பா, இன்னைக்கே கழட்டு" என்றேன். "விதைப்பு முடியட்டும்ணே." விதைப்பு முடிவதற்குள் மெஷின் முடிந்தது. கியர்பாக்ஸைத் திறந்தபோது பினியனில் அடுத்தடுத்து மூன்று பல் காணோம், அடியில் தேங்கிய ஆயிலுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தன, ஒரு துண்டு பேரிங்குக்குள் போய் அதையும் அரைத்திருந்தது. டிராக்டரின் பி.டி.ஓ. சீலிலும் ஆயில் கசிவு. ஒரு டீ, வடைக் காசுக்குக் கிடைக்கிற போல்ட்டை மிச்சம் பிடிக்கப் போய், மெஷின் வாங்கிய காசில் பாதியை லேத்துக்கும் ஸ்பேருக்கும் கொடுத்தார். அதைவிடப் பெரிய நஷ்டம், வாடகைக்குச் சொல்லியிருந்தவர்கள் எல்லாரும் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதைத்தான் வாங்கும்போதே பார்க்கச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய சொந்தக்காரர் மெஷினை எப்படி நடத்தினார் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, போல்ட் சொல்லிவிடும். ஆலன் போல்ட் இருக்கிறதா, உள்ளே இருக்கிற கியருக்கு அடி விழுந்திருக்கும். கம்பியோ ஆணியோ செருகியிருக்கிறதா, அந்த மனிதர் எதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார். போல்ட் போகிற ஓட்டையைச் சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள், வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் போல்ட் ஆடி ஆடி, சரியான போல்ட் போட்டாலும் நாளுக்கு ஒன்று உடையும். யோக்கை மாற்றியாக வேண்டும். ஓட்டையைச் சுற்றி வெல்டிங் இருந்தால் நான் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். அப்புறம் வடிகால் போல்ட்டைத் திறந்து கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் கையில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை, வெள்ளித்தூள் மாதிரி மின்னினால் பல் தேய்கிறது. வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம், செதில் செதிலாக இருந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது, ஒழுங்கான போல்ட்தான், ஆனாலும் அடிக்கடி உடைகிறது என்றால் ஓட்டுகிற விதத்தைப் பாருங்கள். மெஷினை மண்ணில் இறக்கி உட்கார வைத்துவிட்டு பி.டி.ஓ.வைப் போடுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். லேசாகத் தூக்கி, குறைந்த ஆர்.பி.எம்.மில் சுற்ற விட்டு, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். வரப்பு முனையில் திரும்பும்போது மெஷினை உச்சிக்குத் தூக்கி ஷாப்டை வளைத்து ஓட்டுவதும் போல்ட்டைத் தின்னும், கிராஸையும் சேர்த்து. உழாத தரிசில் நேராக ரோட்டாவேட்டரை இறக்காதீர்கள், முதலில் கொத்துக் கலப்பை போட்டுத் தூரையும் கல்லையும் வெளியே எடுங்கள். ஒரு சால் டீசல் கூடப் போகும், போகட்டும்.

போல்ட் அளவும் கிரேடும் அந்தந்தக் கம்பெனிக் கையேட்டில் இருக்கும், அதே போல்ட்டில் பத்துப் பதினைந்து வாங்கி டூல்பாக்ஸில் போட்டு வையுங்கள். கையில் இல்லாத நேரத்தில்தான் புத்தி ஆலன் போல்ட்டுக்குப் போகிறது.

சில மெஷினில் போல்ட்டுக்குப் பதில் ஸ்லிப் கிளட்ச் இருக்கும், பாரம் மிஞ்சினால் அதன் தட்டுகள் வழுக்கி மெஷினைக் காப்பாற்றும். அது இன்னும் நல்லதுதான், ஆனால் ஒரு மழைக்காலம் சும்மா கிடந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிளட்ச்சும் கெட்டிப் போல்ட்டும் ஒன்றுதான். ஸ்பிரிங் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, நட்டுகளைத் தளர்த்தி ஒருமுறை வழுக்க விட்டு, மறுபடி அதே அளவுக்கு முறுக்குங்கள்.

ஷாப்ட் நீளம்

மெஷினோடு வருகிற ஷாப்ட் பழைய சொந்தக்காரரின் டிராக்டருக்காக வெட்டியது. உங்கள் டிராக்டருக்கு அது நீளமாக இருந்தால், தூக்கி இறக்கும்போது இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று முட்டி, ஒரு பக்கம் கியர்பாக்ஸ் பேரிங்கையும் மறுபக்கம் டிராக்டரையும் இடிக்கும். குட்டையாக இருந்தால் ஓடும்போதே கழன்று வரும், அது ஆளையே அடித்துவிடும். எஞ்சின் நின்ற நிலையில் மெஷினைத் தூக்குகிற லிங்கை மாட்டி, மெஷினை மேலும் கீழுமாக நகர்த்தி, இரண்டு முனையும் மிக நெருங்கி வருகிற இடத்தில் அளவெடுங்கள். அந்த இடத்தில் ஓரிரு அங்குலம் இடைவெளி வேண்டும், மிகவும் விலகுகிற இடத்தில் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டுவதாக இருந்தால் உள்குழாய், வெளிக்குழாய், மேலிருக்கிற பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரம் போட்டு எடுங்கள்.

எத்தனை அடி

35 எச்.பி.க்கு ஏழடி வேண்டாம். ஐந்தடி போதும். டயர் தடத்தை மூடுகிற அகலம் இருந்தால் சரி.

டெல்டா மெஷின்

தஞ்சாவூர், திருவாரூரிலிருந்து வருகிற மெஷின்களில் பிளேடு அதிகம் தேய்ந்திருக்காது, பார்க்க அழகாக இருக்கும். அங்கே வண்டல், இங்கே சரளை. ஆனால் அவை சேற்றுழவில் ஓடியவை. ரோட்டர் ஷாப்டின் இரண்டு முனைப் பேரிங்கும் சீலும்தான் அங்கே அடி வாங்கும். வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருக்கும். மெஷினைத் தூக்கி அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, ரோட்டரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவு. பக்கவாட்டுப் பெட்டியின் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

பிளேடு

தேய்ந்த பிளேடுக்குப் பயப்படாதீர்கள், மாற்றிக்கொள்ளலாம். இடது, வலது மாற்றிப் போட்டுவிட்டு "மெஷின் குதிக்குது" என்று மட்டும் வராதீர்கள்.

கைலி

ஓடுகிற ஷாப்ட் நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. கைலியோடும் துண்டோடும் அதன் பக்கம் போகக் கூடாது. உறை இல்லாத ஷாப்டை நான் மாட்ட விடமாட்டேன், சொந்தத் தம்பி கேட்டாலும்.

விலை பேசும்போது

எல்லாம் பார்த்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும், நம் ஆட்கள் விலையை முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் குனிந்து பார்க்கிறார்கள். முட்டை வடிவ ஓட்டை, ஆடுகிற பேரிங், பால் ஆயில் ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு என்று முன்னாலேயே லேத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள், அந்தத் தொகையை விற்பவரின் முகத்துக்கு நேரே கழியுங்கள். தகட்டில் இருக்கிற சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். மானியத்தில் எடுத்த மெஷினாக இருந்தால் அதை விற்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். பில் இல்லை, தகடு இல்லை, ஆனால் விலை ரொம்பக் குறைவு என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.