மூளை லிம்ஃபோமாவை ஸ்கேன் படங்களில் இனங்காணும் முறை

மூளையில் லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடன், நோயாளிக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டுவிட்டதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் வீக்கத்தைக் குறைப்பதோடு நில்லாமல் லிம்ஃபோமா செல்களையே அழிப்பதால், கட்டி சில நாட்களில் சுருங்கிவிடலாம். அதன்பின் செய்யும் திசுப் பரிசோதனையிலும் நோய் பிடிபடாமல் போகலாம். ஆகவே மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கு ஆபத்து நேரும் நிலை இல்லையெனில், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கும்படி சிகிச்சை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

செல்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால், கான்ட்ராஸ்ட் (படத்தில் திசு வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் மருந்து) செலுத்தாத சி.டி. ஸ்கேனிலேயே இக்கட்டி பெரும்பாலும் சற்று வெண்மையாகத் தெரியும். ஆயினும் முடிவுக்கு வர உதவுவது கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான். நோய் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்களிடம் கட்டி ஒரே சீராக, அழுத்தமாக ஒளிரும். மூளை அறைகளின் ஓரத்திலும், இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்திலும், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளிலும் அதை முதலில் தேட வேண்டும்.

அடுத்து, திசுவில் நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படத்தை, அந்நகர்வின் அளவைக் குறிக்கும் ஏ.டி.சி. வரைபடத்துடன் சேர்த்தே படிக்க வேண்டும். முன்னதில் வெண்மையாகவும் பின்னதில் கருமையாகவும் தெரிந்தால்தான் நீர் மூலக்கூறுகளின் நகர்வு உண்மையிலேயே தடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சீழ்க்கட்டியிலும் புதிய பக்கவாதத்திலும் இதே தோற்றம் வரும் என்பதால், இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கிளையோபிளாஸ்டோமா என்ற வேறுவகை மூளைப் புற்றுக்கட்டியா என்ற குழப்பம் நீடித்தால், கட்டியின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படம் பெரிதும் கைகொடுக்கும்: லிம்ஃபோமாவில் இரத்தக் கொள்ளளவு பொதுவாக அதைவிடக் குறைவாகவே உயரும், கட்டிக்குள் இரத்தக்கசிவும் அரிது.

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களிடமும் உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடமும் இந்த அடையாளங்கள் மாறிவிடும். கட்டிகள் பலவாக இருக்கலாம். நடுப்பகுதி அழுகி, ஓரம் மட்டும் வளையமாக ஒளிரலாம். டாக்சோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றும் அப்படியே தோன்றுவதால், குளுக்கோஸ் போன்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். லிம்ஃபோமா குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சும், அத்தொற்று பொதுவாக உறிஞ்சாது.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நோயை உறுதிசெய்வது பெரும்பாலும் ஸ்டீரியோடாக்டிக் (ஸ்கேன் வழிகாட்டலில் ஊசியால் துல்லியமாகத் திசு எடுக்கும்) திசுப் பரிசோதனையே. உறுதியானபின் உடல் முழுவதற்குமான பெட்-சி.டி.யும் கண் பரிசோதனையும், அறிகுறி இருப்பின் தண்டுவட எம்.ஆர்.ஐ.யும் செய்ய வேண்டும். ஸ்டீராய்டினால் கட்டி முன்னரே மறைந்திருந்தால், மருந்தைப் படிப்படியாக நிறுத்தி, குறுகிய இடைவெளிகளில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்து, கட்டி மீண்டும் தலைகாட்டியதும் திசு எடுக்க வேண்டும்.