பஸ் பழக்கத்தோடு விமானம் ஏறாதீர்கள்

மடிவாளாவில் இரவு பஸ் பிடித்து விடியற்காலை ஊரில் இறங்கிப் பழகியவர்கள் நாம், பெங்களூர்த் தமிழர்கள். அந்தப் பயணம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சில வழக்கங்களைப் பழக்கிவிட்டது. கிளம்பும்முன் தண்ணீர் குடிக்கக் கூடாது, பின் சீட் ஆகாது, ஏறியதும் தூங்கிவிட வேண்டும், ஊர் வந்தால் யாராவது எழுப்புவார்கள். பஸ்ஸுக்கு இதெல்லாம் சரிதான். விமானத்தில் இவற்றில் பலவும் உடம்பைப் படுத்தும்.

நான் இதைக் கற்றது அம்மாவின் காது வழியாக. சென்னைக்கு அதிகாலை விமானம். தேவனஹள்ளியில் இருக்கும் விமான நிலையம் போய்ச் சேர நள்ளிரவு தாண்டியதுமே வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தோம். அம்மாவுக்கு லேசான சளி வேறு. சீட்டில் உட்கார்ந்ததும் கண் அசந்துவிட்டார். "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறி எழுந்தார். அடைப்பு விலக இரண்டு நாள் ஆனது. எழுப்பாமல் விட்டது என் தவறு.

காரணம் இதுதான். 35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. அதனால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆனால் கடல் மட்ட அளவுக்கு அழுத்தினால் விமானத்தின் உடல் இன்னும் கனமாக இருக்க வேண்டும், உலோகமும் சீக்கிரம் களைத்துப்போகும். ஆகவே உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி மலையில் இருப்பதற்குச் சமமாகும்வரை குறைய விடுகிறார்கள். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது சுமார் 6,000 அடி, அதாவது குன்னூர் உயரம். நீண்ட பயணத்தில் இவற்றில் போய் இறங்குபவருக்கு அசதி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிக்கெட் எடுக்கும்போது விலையோடு விமானத்தின் வகையையும் பாருங்கள்.

மேலே ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். தொண்டையையும் காதையும் இணைக்கும் மெல்லிய குழாயை நாம் விழுங்கியோ கொட்டாவி விட்டோ திறந்தால்தான் காற்று உள்ளே போகும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கி மூடியிருக்கும். பெங்களூர் விமான நிலையமே ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே ஏறும்போது காது அவ்வளவாக உணராத மாற்றத்தை, கடலோரச் சென்னையில் இறங்கும்போது முழுதாகத் தாங்க வேண்டியிருக்கிறது. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே பெரியவர்களை எழுப்பிவிடுங்கள். வாயில் ஒரு புளிப்பு மிட்டாயோ கல்கண்டோ போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஏறும்போதே புகட்டிவிட்டால் தேவைப்படும் நேரத்தில் குடிக்காது. கடுமையான சளி என்றால் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது தண்ணீர். நம் அம்மாக்களும் அத்தைகளும் வழியில் கழிப்பறை இல்லையே என்று பயந்து பயந்து, தாகத்தை அடக்குவதையே பழக்கமாக்கிக்கொண்டவர்கள். விமானத்திலும் அதையே செய்கிறார்கள். அந்த உயரத்துக் காற்றில் ஈரமே கிடையாது. நீண்ட பயணங்களில் கேபினின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை வறண்டு, கண் எரிந்து, தலை கனத்து அவர்கள் இறங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. "தண்ணி குடிங்கம்மா" என்று சொன்னால் மட்டும் குடிக்க மாட்டார்கள். நடைவழி ஓரத்து சீட்டைப் பதிவு செய்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று உட்காரும்போதே காட்டிவிடுங்கள். எழுந்து போவதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று தெரிந்தால் தானாகவே குடிப்பார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். மேலே போனால் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். கிளம்பும் அன்று சுண்டல், சோடா வேண்டாம். இட்லி நல்லது.

சீட் தேர்வில் பஸ் கணக்கு பாதிதான் உதவும். பின்னால் குலுக்கல் அதிகம் என்பது இங்கேயும் உண்மை. ஆனால் குலுக்கல் மிகக் குறைவாகத் தெரிவது முன்னால் அல்ல, இறக்கைக்கு நேராக. இரைச்சலுக்கு வேறு கணக்கு. ஏ320, போயிங் 737 போன்றவற்றில் இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் வரிசைகள் அமைதியானவை. தமிழ்நாட்டின் சிறிய ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் என்ற சிறிய காற்றாடி விமானத்தில் இது தலைகீழ். காற்றாடி முன்பகுதி வரிசைகளுக்குப் பக்கத்திலேயே சுழலும். பயணிகள் ஏறும் கதவு பின்னால். அதில் பின் வரிசைதான் அமைதி, ஏறி இறங்கவும் சுலபம்.

கடைசி வரிசை சீட் பெரும்பாலும் பின்னால் சாயாது. அவசர வழிக்கு நேர் முன்னால் இருக்கும் வரிசையும் அப்படியே, சாய்ந்தால் வழி அடைபடும் என்பதால். முதல் வரிசையில் காலுக்கு இடம் உண்டு என்று கூடுதல் பணம் கொடுத்து எடுக்கிறார்கள். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடி உயராது, சீட்டின் அகலமும் கொஞ்சம் குறையும், பருமனானவர்களுக்கு நெருக்கும். புறப்படும்போது கைப்பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். அவசர வழி வரிசை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தரப்படுவதில்லை. ஜன்னல் சீட் என்று பதிந்து, உட்கார்ந்த பிறகு பக்கத்தில் வெறும் சுவர் இருப்பதும் உண்டு. 737-இல் குளிர்காற்றுக் குழாய் போகும் இடத்தில் ஜன்னல் வைப்பதில்லை.

தலைக்கு மேலே இருக்கும் காற்றுத் துளையை "சளி பிடிக்கும்" என்று இறுக மூடிவிடுவது இன்னொரு தவறு. கேபின் காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது. மறுபடி உள்ளே வரும் பங்கும் மருத்துவமனைகளில் பயன்படும், நுண்கிருமிகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. துளையை முகத்துக்கு நேராக வைக்காமல் சற்று முன்னால் திருப்பினால் போதும். சென்னை, மும்பை போன்ற புழுக்கமான ஊர்களில் தரையில் நிற்கும்போது மேலிருந்து வெள்ளையாக வருவது புகையல்ல, குளிர்ந்த காற்றில் ஈரம் பனியாவது. பெரியவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் பதற மாட்டார்கள். குளிர் உண்மையில் வருவது சுவர்ப் பக்கத்திலிருந்து. ஜன்னலோரம் உட்காருபவருக்கு ஒரு சால்வையும் காலுறையும் கொடுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007-இல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, காரும் பஸ்ஸும் இதில் சேர்த்தி. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தொடங்கி விமான நிலையம்வரை காரில் முடங்கி உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தையும் கணக்கில் எடுங்கள். விமானம் ஏறும்முன் பெரியவர்களை உட்காரவைக்காமல் கொஞ்சம் நடக்கவையுங்கள். காலடியில் பெரிய பையைத் திணித்தால் பாதத்தை நீட்டக்கூட இடமிருக்காது. அதை மேலே வைத்துவிட்டு மருந்தையும் தண்ணீரையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் நடைவழி ஓரத்து சீட்டிலிருந்து உடம்பைத் திருகித் திருகி எழுவதைப் பார்த்திருக்கிறேன். பல விமானங்களில் அந்தக் கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். இப்போது அம்மா பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் நடைவழியில் ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிடுகிறார்.