ஸ்லிப் காசு இல்லை

களுவாஞ்சிக்குடியில் எங்களுடையது சின்ன ஹாட்வெயார் கடை. ஒருநாள் கவுண்டரில் நிற்கும் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் காசு போட்ட ஸ்லிப் வந்தது. சாமான் ஏற்ற ஓட்டோவும் வாசலில் நின்றது. பெயர், திகதி எல்லாம் சரி. தொகை மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. அவள் அதைக் கவனித்துக் கேட்டாள். வங்கி அப்பைத் திறந்தோம், காசில்லை. "நாளைக்கு விழும் அக்கா" என்றார் ஸ்லிப் அனுப்பியவர் போனில்.

அன்றிலிருந்து நானே போலி ஸ்லிப் செய்து, நல்லவற்றோடு கலந்து கடைக் குறூப்பில் போடுகிறேன். எது பிழையென்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். புத்தி சொல்வதைவிட இதுதான் பலன் தந்தது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஒன்லைனில் காசு மாற்றும் செஃப்ட்ஸ் (CEFTS) முறையில் அனுப்பிய காசு விடுமுறையிலும் உடனடியாகவே சேரும் என்று விளங்கப்படுத்தினேன். நாளைக்கு விழுமென்றால் சாமானும் நாளைக்குத்தான். கணக்கில் காணாமல் ஒரு ஆணியும் வெளியே போகாது.

வட்ஸ்அப் கணக்கைப் பதிவதற்கு வரும் 6 இலக்கக் குறியீட்டை நான் கேட்டாலும் சொல்லக்கூடாது. எல்லோர் போனிலும் வட்ஸ்அப்பின் இரு கட்டச் சரிபார்ப்பும் (கூடுதலாக ஒரு பின் இலக்கம் கேட்பது) போட்டாயிற்று.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தெரியாமல் மோசடி லிங்கை அமத்திவிட்டால் உடனே சொல்லுங்கள், ஏசமாட்டேன். ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்த நேரமிருக்காது. வங்கி இலக்கமும், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101உம் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.