கொல்லையில் முயல் குட்டிகள் கிடந்தால்: சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிபோனவர்களுக்கு

ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை, பனிக்கால உடுப்பு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருப்பார்கள். முயல் குட்டி பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் நங்கநல்லூர்க்காரி. ஒஹாயோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். ஏப்ரலில் ஒருநாள் மாப்பிள்ளை புல் வெட்டும்போது, காய்ந்த புல்லும் ரோமமும் மூடிய ஒரு சின்னக் குழி கண்ணில் பட்டது. உள்ளே நான்கு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. பகல் முழுக்கத் தாயைக் காணோம். "பெத்தவ விட்டுட்டுப் போயிட்டா" என்று முதலில் சொன்னது நான்தான். அணில் பிள்ளை விழுந்தால் நம் ஊரில் செய்வதுபோல, அட்டைப் பெட்டியில் பழைய காட்டன் புடவையை விரித்து, இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தேன். மறுநாளே வயிறு உப்பிக் கழிச்சல் வந்தது. மூன்றாம் நாள் நான்கும் போய்விட்டன. பேரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தாய் விட்டுப்போகவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அங்கே புல்தரையில் கூடு வைப்பது காட்டன்டெயில் என்ற காட்டு முயல். தாய் பகலில் கூட்டின் பக்கம் வராது. கூடவே இருந்தால் நரிக்கும் நாய்க்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். விடிகாலையும் அந்தியும் வந்து சில நிமிடங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போகும். அந்தப் பால் அவ்வளவு கெட்டி என்பதால் குட்டிக்கு நாள் முழுக்கத் தாங்கும். பசும்பால் அந்தக் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஃபில்லரில் அழுத்திக் கொடுக்கும்போது பால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். பழகியவர்கள் வளர்த்தாலே காட்டு முயல் குட்டி பிழைப்பது கஷ்டம்.

கிண்டி பூங்காவில் இருக்கும் நம் முயல் வேறு ஜாதி. அதன் குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக வரும். காட்டன்டெயில் குட்டி வெறும் தோலோடு பிறக்கிறது. இரண்டையும் நாம் முயல் என்றே சொல்வதால் இந்த வித்தியாசம் மனதில் பதிவதில்லை.

சரி, தாய் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டின் மேல் நூலையோ சின்னக் குச்சிகளையோ குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். மறுநாள் காலை அவை கலைந்திருந்தால் தாய் வந்திருக்கிறது. கலையாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். குட்டி கதகதப்பாக, வயிறு உருண்டு, சத்தமில்லாமல் இருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். உடம்பு சில்லிட்டு, தோல் சுருங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நாம் சொல்வது உண்மையில்லை. எடுத்துவிட்டீர்கள் என்றால் அதே குழியில் திரும்ப வைத்து மூடுங்கள், தாய் வரும். ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முயலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு.

நாம் தொடாமலே சாகும் குட்டிகளும் நிறைய. புல் வெட்டும் மெஷின், நாய், காக்கை, பாம்பு, ஆழமில்லாத குழியில் தேங்கும் மழைத்தண்ணீர், மூடாக்கு கலைந்தபின் வரும் குளிர், ரோட்டில் அடிபட்டுப் போன தாய். பூனை கவ்வியிருந்தால் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும், அன்றைக்கே மருந்து வேண்டும். ஆனால் காட்டு முயலை வீட்டில் வைத்திருப்பது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். இங்கே என்றால் வேளச்சேரி ப்ளூ கிராஸுக்கு போன் செய்வோம். அங்கே மாநில அரசின் உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் பட்டியல் கிடைக்கும், இப்போதே எடுத்து வையுங்கள். அவர்கள் கைக்குப் போகும்வரை குட்டியை இருட்டான, கதகதப்பான பெட்டியில் வையுங்கள். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

ஜூலையில் அதே கொல்லையில் இன்னொரு கூடு வந்தது. இந்த முறை மாப்பிள்ளை சுற்றிலும் நாலு குச்சி நட்டு, அந்த இடத்தில் புல் வெட்டாமல் விட்டார். பக்கத்து வீட்டு நாய் வெளியே வரும் நேரத்தில் துணிக்கூடையைக் கவிழ்த்து வைத்து, அந்திக்கு முன் எடுத்துவிடுவோம். பேரன்தான் நூல் போட்டான். காலையில் பல்கூடத் தேய்க்காமல் ஓடிப்போய்ப் பார்த்து, "பாட்டி, கலைஞ்சிருக்கு!" என்று கத்தினான். மூன்று வாரத்துக்குள் டென்னிஸ் பந்து அளவுக்கு வளர்ந்து, காது நிமிர்ந்து, ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குழியில் கொஞ்சம் ரோமம் மட்டும் கிடந்தது. மாப்பிள்ளை குச்சிகளைப் பிடுங்கியது அப்புறம்தான்.