'பேட்டன் கைட்டோஸ்' விமர்சனங்களை எடைபோடுவது எப்படி?

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கடையில், அட்டைகளைக் கொண்டு சண்டையிடும் 'பேட்டன் கைட்டோஸ்' என்ற காணொளி விளையாட்டைக் கண்டு, வாங்கலாமா என்று கைபேசியில் விமர்சனம் தேடுபவர், அது எந்தப் பதிப்பைப் பற்றியது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மோனோலித் சொஃப்ட்டும் ட்ரை-கிரெசெண்டோவும் உருவாக்கிய முதற்பாகம் 2003 டிசெம்பரில் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக ஜப்பானில் வெளியானது. இரண்டு பாகங்களும் மெருகேற்றப்பட்டு ஸ்விட்ச் கருவிக்கு வந்தது 2023 செப்டெம்பரில். பழைய விமர்சனங்களில் அதிகம் அடிபடுவது ஆங்கிலக் குரல்நடிப்பு. அந்தக் குறை நியாயமானதே, ஆயினும் புதிய பதிப்பில் ஜப்பானியக் குரல் மட்டுமே இருப்பதால் இன்று வாங்குபவரை அது பாதிக்காது. சண்டைகள் இழுபடுகின்றன என்ற முறைப்பாடும், வேகத்தைக் கூட்டும் வசதி வந்தபின் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

கவனமாக வாசிக்க வேண்டியது, முதற்பாகத்தைப் பற்றிய 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்ற குற்றச்சாட்டைத்தான். தாக்கும் அட்டை, தடுக்கும் அட்டை, குணப்படுத்தும் அட்டை எல்லாம் ஒரே அட்டைக்கட்டில் கலந்திருப்பதால், தாக்க வேண்டிய முறை வரும்போது கை நிறையக் கேடயங்கள் வந்து நிற்பதுண்டு. ஆனால் அந்த அட்டைக்கட்டை அடுக்குவது விளையாடுபவரே. நெருப்பு அட்டையும் நீர் அட்டையும் ஒரே தாக்குதலில் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அட்டை மூலைகளிலுள்ள எண்களைச் சோடியாகவோ வரிசையாகவோ இறக்கினால் சேதம் கூடும். 304 சீட்டாட்டம் விளையாடுபவர் வந்த கையை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாததைப் போலத்தான் இதுவும். ஆகவே தன் அட்டைக்கட்டை எப்படி அமைத்தார், எண்களைக் கவனித்தாரா என்று ஒரு வரிகூட எழுதாத விமர்சகரின் தீர்ப்பை ஒதுக்கிவிடலாம்.

'காசு கிடைப்பதில்லை' என்பதையும் அவ்வாறே சோதியுங்கள். முதற்பாகத்தில் எதிரியை வீழ்த்தினால் பணம் விழாது. சண்டையின் நடுவே கமெரா அட்டையால் படம் பிடித்து, அதைக் கடையில் விற்க வேண்டும். இதைக் குறிப்பிடாதவர் முதற்சில மணிநேரத்தோடு நிறுத்தியவராக இருக்கக்கூடும்.

காலப்போக்கில் அட்டைகள் மாறுவதைப் பலர் வியந்து எழுதுவார்கள். பழம் அழுகுவது அழகான யோசனைதான்; ஆனால் ஷாம்பு அட்டை மாறுவதற்கு விளையாட்டுக் கடிகாரத்தில் 336 மணிநேரம் ஓட வேண்டும் என்பதைக் கண்டிப்பவர்களோடு நானும் உடன்படுகிறேன். எல்லா அட்டைகளையும் சேர்த்தே தீருவேன் என்பவர் இந்த எதிர்மறை விமர்சனங்களையே முதலில் வாசிக்கட்டும்.