பானை ஓடுகளை எப்படிப் பேச வைப்பது?
பள்ளியிலோ ஊரிலோ சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைக்கப் போகிறீர்களா? பொருட்களை அடுக்கும் முன் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: பார்த்துவிட்டுப் போகிறவர் வீட்டில் போய் என்ன சொல்ல வேண்டும்? அந்த வரிக்கு உதவாத பொருள் எவ்வளவு பழசானாலும் பீரோவிலேயே இருக்கட்டும். (மனசு வராதுதான்.)

உதாரணத்துக்கு, கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையில் ‘மட்பாண்டம், கறுப்பு சிவப்பு’ என்று தொடங்கினால் யாரும் நிற்க மாட்டார்கள். ‘இதில் ஒரு பெயர் இருக்கிறது, வாசிக்க முடிகிறதா?’ என்று கேட்டால் குனிந்து பார்ப்பார்கள். காலம், அளவு எல்லாம் அப்புறம், கீழே சின்ன எழுத்தில். அட்டையையும் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.