வீட்டு வாசலிலேயே கார் ஆயில் மாற்றுவது எப்படி?

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து போய்விட்டால், ஒன்பது மணி வரை வண்டி நடமாட்டம் இருக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் என் ஒர்க்‌ஷாப். முதல் தடவை செய்கிறவர்களுக்கும் அது போதும்.

எப்போது ஆயில் மாற்றுவது என்பதற்கு, பெங்களூரில் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது மீட்டர்தான் ஓடுவதில்லை, இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லும் வண்டிக் கையேட்டிலேயே, நின்று நின்று போகிற ஓட்டத்துக்குக் குறைந்த இடைவெளி தனியாகப் போட்டிருக்கும். உங்களுக்குப் பொருந்துவது அதுதான். வண்டி வாரன்டியில் இருந்தால் அந்த நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதே கையேட்டில் ஆயில் கிரேடையும் அளவையும் குறித்துக்கொண்டு, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்புங்கள். 5டபிள்யூ-30 என்றால் டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. பிந்தையது இஞ்சின் சூடான பிறகு அதன் கெட்டித்தன்மையை. கடையில் யாராவது, "பழைய வண்டிதானே சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க, கெட்டியா நிக்கும்" என்பார்கள். சிரித்துவிட்டு, கையேட்டில் இருப்பதையே சீல் உடையாத டப்பாவில் வாங்குங்கள். கூடவே ஆயில் ஃபில்டர், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், போல்ட் அளவுக்கு ரிங் ஸ்பானர், புனல், இரண்டு ஜாக் ஸ்டாண்டு. பழைய பேசின், அட்டை, துணி, கையுறை வீட்டிலேயே கிடைக்கும். இங்கே நான் சொல்வது தகர டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டருக்கு. சில கார்களில் கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும், அதன் முறை வேறு.

இஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகினால் போதும், கொதிக்கக் கூடாது. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளைக் கொடுத்து இறக்குங்கள். கையால் வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். செங்கல் சக்கரத்துக்குத் தடை வைக்கத்தான், வண்டியைத் தாங்க அல்ல.

போனட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றி வைத்தால் கீழே ஆயில் தாராளமாக இறங்கும். அப்புறம் அடியில் போய், இஞ்சினின் கீழே ஆயில் தங்கும் சம்பைத் தேடுங்கள். (பெங்களூரில் சம்பு என்றால் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். இதுவும் தொட்டிதான், கொஞ்சம் சின்னது.) அதன் அடிப்பகுதியில் ட்ரெயின் போல்ட் இருக்கும். போல்ட்டின் தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மல்லாந்து படுத்தால் இடம் வலம் குழம்பும். அவசரப்பட்டு இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. ஸ்பானரால் இளக்கியபின் கையால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். கடைசி மரை விட்டதும் வெடுக்கென்று இழுத்துவிடுங்கள்.

ஆயில் நேராக விழாது. முதலில் சாய்வாகப் பீய்ச்சும், வேகம் குறையக் குறைய நேர் கீழே வரும். பேசினைச் சற்றுத் தள்ளி வைத்து ஆரம்பித்து, கூடவே நகர்த்துங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது கோளாறு இல்லை. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படியானால் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். சொட்டுச் சொட்டாக ஆனதும் புது வாஷரோடு போல்ட்டைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, பிறகே ஸ்பானரால் இறுக்குங்கள். ஸ்பானரில் தொங்க வேண்டாம். சம்பு அலுமினியமாக இருந்தால் மரை சுலபமாகப் போய்விடும்.

அடுத்து ஃபில்டர். ஒரு பாலிதீன் பையால் மூடிக் கழற்றினால் சிந்துவது பையிலேயே விழும். கழற்றியதும் அதன் விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் முயற்சியில் நான் பார்க்கவில்லை. பழைய வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பில் கறுப்பு, கண்ணில் படவில்லை. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சில நொடிகளில் புது ஆயில் தெருவில் ஓடி, வீட்டுக்கார அம்மா போட்டிருந்த கோலம் வரை போய்விட்டது. அரை மூட்டை மரத்தூள் போட்டுத் துடைத்தேன். அந்த அம்மா கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு மொழியிலும் சொன்னார்.

ஆகவே, பொருந்தும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவியும் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் பூசி, கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். ஃபில்டர் மீது வேறு கணக்கு அச்சாகியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

வண்டியைக் கீழே இறக்கிவிட்டு, கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி மூடியைப் போடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே குனிந்து கசிவு பாருங்கள். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, நுழைத்து, எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும், மட்டம் இறங்கியிருப்பது சகஜம். இரண்டு குறிகளுக்கு நடுவில், மேல் குறியை ஒட்டி வரும்வரை சிறுகச் சிறுக ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டக் கூடாது.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். சட்டப்படியும் அது அபாயக் கழிவு. காலி டப்பாவில் அடைத்து, மறுசுழற்சிக்கு ஆயில் சேர்த்துக் கொடுக்கும் மெக்கானிக் ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

இரவு வண்டிக்கு அடியில் ஒரு சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டுகூட இல்லை என்றால் ஆபீசுக்கு அந்த வண்டியிலேயே போகலாம்.